மதகு எந்தப் பக்கம்

எந்த ஏரிக்குக் கூட்டிப்போனாலும் என் வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "மதகு எந்தப் பக்கம் இருக்கு?" மற்றவர்கள் ஏரியைக் கண்டதும் போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள், இல்லையென்றால் பஜ்ஜிக் கடையைத் தேடுவார்கள். இவருக்கோ தண்ணீர் எந்த வழியாக வெளியே போகிறது, எந்த வயலில் பாய்கிறது என்று தெரிந்தாக வேண்டும். ஏற்காட்டில் படகுக்கு டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் குனிந்து, "இந்த ஏரிக்கு எத்தன ஏக்கர் பாசனங்க?" என்று கேட்டார். உள்ளே இருந்த பெண் கொஞ்சம் விழித்துவிட்டு, "இது போட்டிங்குக்கு மட்டுந்தாங்க ஐயா" என்றாள். "அப்ப இம்புட்டுத் தண்ணியயும் சும்மாவா வச்சிருக்காங்க?" என்றார் இவர். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கையைப் பிடித்துப் படித்துறைக்குக் கூட்டிப்போனேன். அப்போது அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது.

எங்களுக்கு ஊர் அரும்பாவூர். பச்சைமலை அடிவாரம். வீட்டு மாடியில் நின்றால் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பெரிய ஏரி. நான் பிறந்தது அரியலூர்ப் பக்கம். அங்கே மலை என்று நாங்கள் பார்த்ததெல்லாம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெட்டிக் கொட்டிய மண்மேடுதான். அதனால் கல்யாணமாகி வந்த புதிதில் மலையைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். "அதுல என்னா இருக்குன்னு அப்புடிப் பாக்குற? அது எங்கயும் போயிடாது" என்பார். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று நான் ஆரம்பித்தால், "கரும்ப ஆலைக்கு அனுப்பிட்டுப் போவோம்" என்பார். கரும்பை அனுப்பினால், வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் மறுதாம்புக்குத் தண்ணீர் கட்ட வேண்டும். அது முடிந்தால் சின்ன வெங்காயம். இப்படியே இருபத்தாறு வருஷம். நான் அங்கன்வாடியில் வேலை பார்ப்பவள். மே மாத லீவில் எல்லா டீச்சரும் எங்காவது போய்விட்டு வந்து படம் காட்டுவார்கள். நான் வற்றல் போட்ட கதையைச் சொல்வேன்.

அவருக்குச் சர்க்கரை வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. "கரும்பு போடுறவனுக்குச் சர்க்கர வராம உளுந்தா வரும்?" என்று சொல்லிச் சிரித்துவிட்டு மாத்திரை போட்டுக்கொள்வார். மாத்திரையை மறக்காமல் போடுவார், அதோடு பலாச்சுளையையும் மறக்காமல் சாப்பிடுவார். ஒரு வருஷம் பெரம்பலூரில் நடந்த கண் முகாமுக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். பார்த்த டாக்டர், கண்ணுக்குள் ரத்தக்குழாய் பழுதாகியிருக்கிறது, லேசர் வைக்க வேண்டும், திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து நாள் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்றார். முகாமில் இவர் போன் நம்பரைத்தான் கொடுத்துவிட்டு வந்தோம்.

இனிமேல் சொல்லப்போவதை நான் நாலு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை.

தை மாசக் கடைசியில் ஆலையிலிருந்து எங்கள் கரும்புக்கு வெட்டு ஆர்டர் வந்தது. வெட்டு ஆர்டர் என்றால் என்ன என்று கரும்பு போடாதவர்களுக்குத் தெரியாது. கரும்பு நம்முடையதுதான், நிலம் நம்முடையதுதான், ஆனால் ஆர்டர் வராமல் ஒரு கட்டு வெட்ட முடியாது. ஆர்டர் வந்துவிட்டால் வீட்டில் கல்யாணமோ கருமாதியோ, வெட்டியே தீர வேண்டும். வெட்டும் ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்து வரப்பில் தார்ப்பாய் கட்டி இறங்குவார்கள். நாம் பக்கத்தில் நிற்காவிட்டால் அடிக்கரும்பை விட்டுவிட்டு மேலாக வெட்டிப்போவார்கள். தள்ளிப்போடலாம் என்றால் அவர்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். திரும்பி வருவதற்குள் கரும்பு பூத்துவிடும், எடை போய்விடும். எங்களுக்கு அந்த வருஷம் இருந்த கரும்பு அத்தனையும் ஒரே துண்டு வயலில் நின்றது.

ஆட்கள் வந்து இறங்கிய அன்று அவர் போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வயலுக்குப் போயிருந்தார். நான் அவர்களுக்கு டீ போட்டுத் தூக்கில் ஊற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் பேசினாள். வரும் வியாழக்கிழமை லேசர், காலையில் எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள், மூன்று நாலு தடவை வர வேண்டியிருக்கும் என்றாள். நான் அடுப்பைப் பார்த்தேன். வயலில் நிற்கும் கரும்பை நினைத்தேன். "அடுத்த மாசம் வர்றோங்க. வெட்டு நடக்குது" என்றேன். அந்தப் பெண்ணுக்கு என்ன வெட்டு என்று புரிந்திருக்காது. "சீக்கிரம் வந்தா நல்லதும்மா" என்றாள். சரி சரி என்று வைத்துவிட்டேன். அவரிடம் சொன்னால் குழம்புவார், இல்லை நான் சொன்னதையே அவரும் சொல்வார், எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன். டீயைத் தூக்கிக்கொண்டு போனேன். அவ்வளவுதான் நடந்தது.

வெட்டு முடிந்து, வயலில் கிடந்த காய்ந்த கரும்புச் சோகையைக்கூட இன்னும் கொளுத்தவில்லை. ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே, "கண்ணுக்குள்ள ஒட்டட மாதிரி ஏதோ தொங்குது புள்ள" என்றார். சாயந்திரத்துக்குள் வலது கண் முழுக்கச் சிவப்பாகத் தெரிகிறது என்றார். திருச்சிக்கு ஓடினோம். கண்ணுக்குள் ரத்தம் கசிந்துவிட்டது. ஆபரேஷன் செய்தார்கள், ஊசி போட்டார்கள். வலது கண் திரும்பவில்லை. இடது கண்ணும் நாளாவட்டத்தில் மங்கிக்கொண்டே வரும் என்று சொன்னார்கள். "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே" என்றார் டாக்டர். "நீங்க கூப்புடவே இல்லையே சார். நான் போனக் கையில வச்சுக்கிட்டுல்ல காத்துக் கெடந்தேன்" என்றார் இவர். டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றிலிருந்து யார் விசாரிக்க வந்தாலும் அவர் அதையே சொல்வார். ஆஸ்பத்திரியில் கூப்பிடவே இல்லை, மறந்துவிட்டார்கள், நம்ம நேரம். நான் வந்தவர்களுக்குக் காபி போடப் போய்விடுவேன்.

ஏரி பார்க்கப் போகலாம் என்று ஆரம்பித்தது அவர்தான். இடது கண்ணில் பாதி வெளிச்சம் இருந்த காலம் அது. "மல எங்கயும் போயிடாதுன்னு சொன்னேன். கண்ணு போவும்னு நெனைக்கல. இருக்கறப்பவே நாலு எடத்தப் பாத்துடுவோம். நீயும் ஆசப்பட்டவதானே" என்றார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டோம். நான் ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். புல்லட்டில் போன மனுஷன் பெண்டாட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து போவதைப் பார்த்து டீக்கடையில் கிண்டல் செய்தார்கள். "எனக்கு டிரைவர் வச்சிருக்கேன், உங்களுக்கு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே போவார்.

முதலில் பக்கத்திலிருக்கும் விசுவக்குடி அணைக்குப் போனோம். ஒரு பக்கம் பச்சைமலை, ஒரு பக்கம் செம்மலை, நடுவில் கல்லாற்றை மறித்துக் கட்டியது. கார்த்திகை மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அவருக்கு மலையின் கோடு தெரிந்தது, தண்ணீர் வெள்ளையாகத் தெரிந்தது. மதகு எந்தப் பக்கம் என்று கேட்டார், காட்டினேன். அங்கிருந்து வாய்க்கால் எந்த ஊருக்குப் போகிறது என்று எனக்கு அவரே சொன்னார். அணைக்கரையில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தோம். கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். இருபத்தாறு வருஷத்தில் வீட்டுக்கு வெளியே நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் எதனால் கிடைத்தது என்று நினைத்ததும் மிச்சச் சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

அடுத்த தையில் என் பிறந்த ஊர்ப் பக்கம் கரைவெட்டிக்குப் போனோம். அங்கே எங்கெங்கிருந்தோ பறவைகள் வந்து இறங்கும். அவருக்கு அப்போது ஒவ்வொரு பறவையும் தெரியவில்லை. கூட்டமாக எழும்பினால் நிழல் போவது மட்டும் தெரிந்தது. காவல் கோபுரத்தில் ஏறி நின்று நான் சொல்ல ஆரம்பித்தேன். தலையில் கறுப்புப் பட்டை போட்ட வாத்து, தண்ணீரில் முங்கி அந்தப் பக்கம் எழும்புகிறது, நாலு நாரை மரத்தில் சண்டை போடுகிறது. அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குப் படத்தைக் காட்டிக் கதை சொல்லிப் பழகிய வாய். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "நீ சொன்னா அப்புடியே தெரியுது புள்ள" என்றார். எனக்கு அதற்குப் பிறகு ஒரு வெறி மாதிரி பிடித்துக்கொண்டது. எங்கே போனாலும் ஒன்று விடாமல் சொல்வேன். எதிரில் வருகிறவர் சட்டைக் கலரைக்கூடச் சொல்வேன்.

கொல்லிமலைக்குப் போனபோது வெளிச்சம் இருட்டு மட்டும்தான் மிச்சம். பஸ்ஸில் எழுபது கொண்டை ஊசி வளைவையும் அவர் விரல் விட்டு எண்ணினார். நடுவில் இரண்டு விட்டுப்போய்விட்டது என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். வாசலூர்ப்பட்டி படகுத்துறைக்குப் போய்ப் பார்த்தால், கோடையில் தண்ணீர் பாதிக்குமேல் இறங்கிக் கிடக்கிறது. ஓரமெல்லாம் சேறு காய்ந்து வெடித்திருந்தது. இவ்வளவு தூரம் ஆசையாக வந்த மனுஷனிடம் அதை எப்படிச் சொல்வது? "நெறஞ்சு நிக்குதுங்க. கரையத் தொட்டுக்கிட்டு நிக்குது" என்றேன். "மலைக்கு மேல இம்புட்டுத் தண்ணியா" என்று அவர் அப்படியே நின்றார். முகம் மலர்ந்து போயிருந்தது. மதகு எந்தப் பக்கம் என்றார். ஏதோ ஒரு பக்கத்தைச் சொன்னேன். பொய் சொன்ன மாதிரியே எனக்குத் தோன்றவில்லை, பிள்ளைக்கு நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுகிற மாதிரி இருந்தது. திரும்பி வரும்போது ரோட்டில் ஒரு மயில் தோகையை இழுத்துக்கொண்டு குறுக்கே போனது. அதையும் சொன்னேன். அது நிஜமாகவே போனது.

ஊரில் வந்து எல்லோரிடமும், கொல்லிமலை ஏரி கோடையிலும் நிறைந்து நிற்கிறது, என் கண்ணால் பார்த்தேன் என்றே சொன்னார். ஒருத்தர்கூட மறுத்துப் பேசவில்லை.

அதற்கடுத்த மே மாதம்தான் ஏற்காடு. நாங்கள் எடுத்தது மிதிபடகு. சைக்கிள் மாதிரி இரண்டு பேரும் மிதிக்க வேண்டும், நடுவில் இருக்கும் கம்பியைத் திருப்பினால் படகு திரும்பும். படகுக்காரர் இவருக்குக் காப்புச் சட்டையை மாட்டி இறுக்கிக் கட்டினார். "எனக்கு நீச்சல் தெரியும் தம்பி, கெணத்துல குதிச்சவன்" என்றார் இவர். "எல்லாருக்கும் போடணுங்கய்யா" என்றார் படகுக்காரர். நான் திசையைப் பார்த்துக்கொண்டேன், இவர் மிதித்தார். பாசனமில்லாத ஏரியாக இருந்தாலும் கால் நன்றாகவே மிதித்தது. தண்ணீர் முக்கால்வாசி இருந்தது. முக்கால்வாசி என்றே சொன்னேன். எதிர்க்கரையில் சரிவு முழுக்க மரம், அதற்கு மேல் பங்களாக்கள், மேகம் ஒன்று இறங்கி ஒரு வீட்டை மட்டும் மறைத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். நடு ஏரிக்கு வந்துவிட்டோம். பக்கத்தில் வேறு படகு இல்லை.

அவர் மிதிப்பதை மெதுவாக்கினார். "ஒன்னு சொல்றேன், சிரிக்காத. கண்ணு இருந்தப்ப நான் இதெல்லாம் பாத்ததே இல்ல. இப்பத்தான் பாக்குறேன். ஆஸ்பத்திரிக்காரன் மறந்தான், நீ மறக்கல. எனக்கு நீதான் கண்ணு புள்ள" என்றார்.

அவர் திட்டியிருந்தால் நான் சாகும்வரை வாயைத் திறந்திருக்க மாட்டேன். "அவங்க மறக்கலங்க" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. போன் வந்தது, நான் எடுத்தது, வியாழக்கிழமை, அடுத்த மாசம் வர்றோம் என்றது, டீ, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன். அழுகையில் கம்பியை விட்டுவிட்டேன். படகு அதுபாட்டுக்குத் திரும்பியது.

அவர் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டார். கை இரண்டும் தொடையில் கிடந்தன. திட்டுவார் என்று காத்திருந்தேன். வயலில் ஒரு மடை உடைந்தால் ஊரே கேட்கும்படி கத்துகிறவர்.

"கொல்லிமலைல தண்ணி நெறஞ்சு நின்னுச்சுன்னியே" என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "இல்லங்க. பாதிதான் இருந்துச்சு. அதுக்குங் கொறச்சல்."

"மயிலு?"

"அது நெசந்தாங்க. சாமி சத்தியமா நெசம்."

"ம்" என்றார்.

கரையிலிருந்து விசில் ஊதினார்கள், எங்கள் நேரம் முடிந்துவிட்டது. நான் மட்டும் மிதித்தேன். அவர் பக்கத்து மிதி தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது, அவர் கால் அதில் இல்லை. படகுக்காரர் கொக்கியைப் போட்டு இழுத்து, இவர் கையைப் பிடித்து இறக்கினார். இறங்கியதும் இவர் அவரிடம், "தம்பி, ஏரில தண்ணி எம்புட்டு இருக்கு?" என்று கேட்டார். "முக்காவாசி இருக்குங்கய்யா" என்றார் அவர். நான் சொன்னதும் அதேதான். ஆனாலும் கேட்டார்.

அதற்காக அவர் என்னை விட்டுவிடவில்லை, வெறுக்கவும் இல்லை. இதைச் சொல்லிவிட வேண்டும். ஊருக்கு வந்து நாலு நாள் கழித்து, "நானா இருந்தாலும் வெட்டத்தான் பாத்திருப்பேன்" என்றார். அது உண்மை என்று எனக்கும் தெரியும். "ஆனா அது நானா எடுத்த முடிவா இருந்திருக்கும்ல" என்றார். நான் பரிமாறுவதைச் சாப்பிடுகிறார், என் பின்னால் உட்கார்ந்து ஸ்கூட்டியில் வருகிறார். விசாரிக்க வருகிறவர்களிடம் ஆஸ்பத்திரியைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டார். என் பெயரையும் சொல்வதில்லை. யாருக்கும் தெரியாது. ஆனால் கடைக்காரர் கொடுத்த சில்லறையை நான் எண்ணிச் சொன்ன பிறகும் விரலால் தடவிப் பார்க்கிறார். மழை வருமா என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார். மதகு எந்தப் பக்கம் என்று அதற்குப் பிறகு என்னிடம் கேட்டதே இல்லை. வேறு எந்த ஏரிக்கும் போகலாம் என்று சொல்லவும் இல்லை. நானும் கூப்பிடவில்லை.

போன ஐப்பசியில் மலையில் அடித்த மழையில் எங்கள் ஊர்ப் பெரிய ஏரிக்கு நல்ல வரத்து. பிள்ளைகுட்டியோடு ஊரே கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. அவர் காலையிலிருந்து வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தார். "போவோமா?" என்றேன். சட்டையை எடுத்து மாட்டினார்.

ஏரியில் ஒரு பழைய படித்துறை உண்டு. ஒன்பது படி. கண் இருந்த காலத்தில் எத்தனை படி வெளியே தெரிகிறது என்று பார்த்துத்தான் எந்த வயலில் என்ன போடுவது என்று முடிவு செய்வார். நாலு படி தெரிந்தால் நெல்லுக்குப் பயமில்லை, ஆறு தெரிந்தால் சோளத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது அவர் கணக்கு. இப்போது வயல் எங்கள் கையில் இல்லை, குத்தகைக்காரர்தான் போட வேண்டும். இருந்தாலும் மேல்படியில் நின்று எட்டிப் பார்த்து எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன். கொல்லிமலையை நினைத்துக்கொண்டு மூன்றாம் தடவையும் எண்ணினேன்.

"நாலு படி தெரியுதுங்க. அஞ்சாவதுலேருந்து தண்ணி" என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றினார். என் தோளில் கையை வைத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். பாசி இருக்கும், வழுக்கும் என்றேன். கேட்கவில்லை. முதல் படி, இரண்டாவது, மூன்றாவது. நாலாவதில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றார். பிறகு வலது காலை மட்டும் மெல்ல நீட்டி இறக்கினார். கணுக்கால்வரை தண்ணீரில் போனது.

"ஆமா, நாலுதான்" என்றார்.

விசுவக்குடி, கரைவெட்டி, கொல்லிமலை, ஏற்காடு என்று அத்தனை தண்ணீரைப் போய்ப் பார்த்தோம். அங்கே ஒரு இடத்தில்கூட அவர் காலை வைத்துப் பார்த்ததில்லை.